மேளத்தை எடுத்த பிறகு

அருள்பாண்டியின் முகத்தைப் பார்த்தால், இப்போதுதான் சாக்கடையைத் தாண்டி வந்தவர் போல இருக்கும். சிரிக்கும்போதுகூட மூக்கு சுருங்கியேதான் இருக்கும். அவர் கீபோர்டு வாசித்த கச்சேரிக் குழுவில் நான் ரிதம் பேட் அடித்தேன், கரண்டில் ஓடுகிற மேளம் அது. மண்டபம் மண்டபமாக அவரோடு அலைந்ததில் என் மூக்கும் அப்படியே ஆகிவிட்டது. என் பெயர் சோணை.

குழு கலைந்ததும் அவர் வில்லாபுரத்தில் தன் வீட்டு மாடியில் ஒரு டிஜிட்டல் பியானோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சினிமாவில் வசனத்துக்குப் பின்னால் ஓடுகிற இசையைத் தனிப் பியானோவுக்கு மாற்றி அமைப்பதுதான் வேலை. வாசித்துப் படம்பிடித்துத் தன் சேனலில் போடுவார். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

ஒரு கூட்டமே சேர்ந்து வாசித்ததைப் பத்து விரலுக்குள் கொண்டுவர வேண்டும். அதனால் எதை வைப்பது என்பதைவிட எதைத் தூக்கி எறிவது என்பதில்தான் அவர் மண்டையை உடைத்துக்கொள்வார். முதலில் எறிவது என் சாமானைத்தான். "மேளத்த எடுத்துட்டா பாட்டு துணியில்லாம நிக்கும்டா. அப்பத்தான் அதோட யோக்கியதை தெரியும்" என்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவன் மேளக்காரன் என்ற கூச்சமே கிடையாது.

அவர் சேனலுக்குக் கீழே எழுதுகிறவர்களைச் சொல்ல வேண்டும். தனிப் பியானோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்கு அடியிலேயே ஒருவன், 'அண்ணே சூப்பர், அடுத்த தடவ பீட் சேத்துப் போடுங்க' என்று எழுதுவான். இன்னொருவன் கைதட்டல் சத்தம் கேட்பான். சோற்றைப் போட்டால் தட்டு பளபளப்பாக இல்லை என்று சொல்கிற ஜென்மங்கள்.

அருள்பாண்டிக்கு ஒரே தங்கை, பாண்டிமீனா. எழுமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் கணவர் ஜெயபாண்டி டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். தும்மினாலும் நாலு தெரு திரும்பிப் பார்க்க வேண்டும் அவருக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அருள்பாண்டியின் அப்பா இறந்துபோனார். மாமனாருக்கு மரியாதை செய்கிறேன் என்று ஜெயபாண்டி ஒரு வண்டி நிறைய ஸ்பீக்கர் கொண்டுவந்து இறக்கினார். கதாநாயகன் நடந்து வரும்போது போடுகிற இசை ஒன்று அப்போது எல்லார் போனிலும் கத்திக்கொண்டிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். பயல்கள் விசிலடித்து ஆடினார்கள். உள்ளே அப்பாவின் தலைமாட்டில் பாண்டிமீனா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே நிறுத்திவிட்டாள்.

அருள்பாண்டி வெளியே வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

"ஊரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்திட்டேல்ல மச்சான்" என்று ஜெயபாண்டி சட்டையைப் பிடித்தார். பிணம் உள்ளே கிடக்கிறது, அசிங்கம் இவருக்காம். அந்தச் சண்டைக்குள் நேரமாகிவிட்டது என்று பிணத்தைத் தூக்கிவிட்டார்கள். பாண்டிமீனா கடைசிவரை ஒப்பாரி வைத்து அழவே இல்லை. அன்றோடு மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

போன வைகாசியில் பாண்டிமீனாவிடமிருந்து போன் வந்தது. அவள் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருத்தன் மடியில் பிள்ளையை வைத்தால், அந்தப் பேச்சை அவள் சாகும்வரை கேட்க வேண்டியிருக்கும்.

"ஒம் மடியிலதாண்ணே எம் புள்ள ஒக்காரணும். அவரு ஒண்ணு சொல்றாரு, கோவப்படாம கேளு" என்றாள்.

ஜெயபாண்டி சொன்னது இதுதான். சீர்த் தட்டுகள் உள்ளே வரும்போது அதே கதாநாயகன் இசையை மச்சான் பியானோவில் வாசிக்க வேண்டும். சாவு வீட்டில் எதை வயரைப் பிடுங்கி நிறுத்தினாரோ அதையே. சீருக்கு முன்னால் நடந்து வர வேண்டிய தாய்மாமனை மூலையில் வாத்தியக்காரனாக உட்காரவைத்துப் பார்க்க ஆசை. தங்கைக்காக அருள்பாண்டி வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சோணை, மேளத்த எடுத்தேன். அந்த ஊளச் சத்தம், கொம்பு, எல்லாத்தையும் எடுத்தேன். அடியில ஒண்ணு கெடக்கு, கேளு."

வலது கையால் மட்டும், மெதுவாக வாசித்தார். மேலே ஏறி நின்று, மூச்சு வாங்கி, வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து இழுக்கிற ஒப்பாரி, அப்படியே. மெட்டுப் போட்டவர் எந்த ஊரில் கேட்டாரோ, எடுத்து வேகமாக்கி, மேலே நூறு மேளத்தை ஏற்றியிருந்தார். ஒப்பாரியை அமுக்கப் போட்ட சத்தத்துக்குள்ளேயே ஒப்பாரி கிடந்திருக்கிறது.

இரண்டு வருடம் பேசாமல் இருந்த அருள்பாண்டி ஜெயபாண்டிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, அது சாவுப்பாட்டு. நல்ல காரியத்துல வேணாம். வேற எது கேட்டாலும் வாசிக்கிறேன்."

"ஊரே ரிங்டோனா வச்சிருக்கு, ஒனக்கு மட்டும் சாவுப்பாட்டா? இஷ்டமில்லன்னா வராத மச்சான். மடிக்கு ஆளு இருக்கு."

போனைப் பியானோ மேல் வைத்தார். அப்புறம், "ஒன் பேடைத் தூக்கிட்டு வா. நான் வாசிக்கிறப்ப அடியில கெடக்குறது தெரியாம மேல போட்டு அடிச்சுக்கிட்டே இரு. எது வந்தாலும் நிறுத்தாத" என்றார். அவர் வாயால் மேளம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லும்போது அவர் மூக்கு சுருங்கியதை நான் கவனிக்காமல் இல்லை.

எழுமலை மண்டப வாசலில் ஒரு வயதுக் குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பக்கத்தில் சிங்கத்தை நிறுத்தி ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். உள்ளே பிரியாணி வாடையும் சென்ட் வாடையும் கலந்து அடித்தது. பியானோவை வைக்கச் சொன்ன மூலை கைகழுவுகிற இடத்துக்குப் பக்கம். எவனோ கொப்பளித்த தண்ணீர் காலடிவரை வந்திருந்தது. பெண் கொடுத்த வீட்டு ஆம்பளையை உட்காரவைக்கிற இடம் அது!

சீர்த் தட்டுகள் வாசலுக்கு வந்தன. அவர் வாசித்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். பயல்கள் விசிலடித்தார்கள். எல்லாம் கழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஜெயபாண்டி பட்டுச் சட்டையோடு எங்களை நோக்கி வந்தார். வீடியோக்காரனைத் திரும்பிப் பார்த்துக் கேமராவை இந்தப் பக்கம் காட்டச் சொன்னார். குனிந்து என் பேடின் வயரைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டினார்.

"அன்னைக்கு நீ அமத்துனேல்ல மச்சான். இன்னைக்கு நான் அமத்துறேன். நீ தனியாவே வாசி."

மண்டபத்தில் பியானோ மட்டும் கேட்டது.

நிறுத்தினால் சொன்ன வாக்கு போச்சு, மடியும் போச்சு. அருள்பாண்டி நிறுத்தவில்லை. மேளம் இல்லாமல் அந்த வேகத்தில் ஓட முடியாது, கை தானாக மெதுவாகியது. விசில் நின்றது. தட்டுகளோடு வந்த பெண்கள் நடுவழியில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேடையில் பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த பாண்டிமீனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என்னப் பெத்த அப்பா" என்று ஆரம்பித்தாள். அந்த மெட்டிலேயே, பியானோ ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி.

"நல்ல காரியத்துல ஒப்பாரியா? நிறுத்துய்யா!" என்று ஜெயபாண்டி கத்தினார். அருள்பாண்டி கையை எடுத்தார்.

"வாசிண்ணே" என்றாள் பாண்டிமீனா. "அன்னைக்குத்தான் ஒருத்தரும் என்னைய அழ விடல. வாசி."

முடியும்வரை வாசித்தார். முடிந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூலைக்கு வந்து, பியானோ முன்னால் இருந்த அண்ணன் மடியிலேயே பிள்ளையை வைத்து, "ஆசாரி, இங்க வந்து குத்துங்க" என்றாள். ஆசாரி ஜெயபாண்டியைக்கூடக் கேட்காமல் மூலைக்கு வந்து குத்தினார். பாப்பா வீறிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். மறுநாள் காலையில் ஜெயபாண்டியின் ஸ்டேட்டஸைப் பார்த்தோம். பாண்டிமீனா அழுகிறாள், வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை. மேலே படத்திலிருந்து எடுத்த அதே மேளம் தடதடவென்று ஓடுகிறது. 'தாய்மாமன் மாஸ் என்ட்ரி' என்று எழுதி நெருப்புப் படம் வைத்திருந்தார்.

"மறுபடியும் அமுக்கிட்டான் பாரு" என்று அருள்பாண்டி மாடியிலிருந்து காறித் துப்பினார்.

அதற்குள் பாண்டிமீனா போனில் கூப்பிட்டாள். "அண்ணே, அவரு போட்டதப் பாத்தேன். அது கெடக்கட்டும், விடு. நீ அத முழுசா வாசிச்சு எனக்கு மட்டும் அனுப்புண்ணே. அப்பாவ நெனச்சா நான் போட்டுக்கேட்டுக்கிறேன்."

சேனலில் போடுவதற்கு இல்லை. பீட் கேட்க ஒருத்தனும் வரமாட்டான். அருள்பாண்டி பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார். நான் பேடைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வாசித்து முடிக்கும்வரை தொடையில்கூடத் தாளம் போடவில்லை.