என்ன தின்னுச்சி, அதைச் சொல்லுங்க

கால்நடை வைத்தியத்தில் நோயாளி வாய் திறந்து பேசாது. கூட வருகிறவர்கள் நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன கிளினிக். செவ்வாய், வெள்ளி சிதம்பரம். பன்னிரண்டு வருஷமாக நாய் பார்க்கிறேன், பன்னிரண்டு வருஷமாகப் பயப்படுகிறேன். கடிக்குப் பயமில்லை. பூச்சி பொட்டு எதையாவது தின்றுவிட்டு வருகிற நாயைக் கண்டால்தான் பயம். தின்றது எது என்று தெரிந்தால் காப்பாற்ற வழியுண்டு. தெரியாமல் நான் யோசித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் உயிர் போய்விடும். நாய் வளர்க்கிற சக பாவிகளே, இந்தப் பயம் உங்களுக்கும் தெரியும்.

முருங்கை மரத்தடி

சிதம்பரத்தில் பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன ஒருவர், ஆறு மாத லாப்ரடார் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்காமல் தொங்கியது. எச்சில் நூலாக வழிகிறது. வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சு நின்றுவிடும். "என்ன தின்னுச்சி?" என்றேன். "ஒண்ணுமே தின்னல, தயிர்சாதம்தான்" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு முழுக்கப் பொடிப்பொடியாக ரோமம். கம்பளிப்பூச்சி! முருங்கை மரத்தில் அப்பிக் கிடந்ததைக் குட்டி நக்கியிருக்கிறது. போதாததற்கு இவர் நாக்கில் விளக்கெண்ணெய் விட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். ரோமமெல்லாம் உள்ளே குத்தி ஏறிவிட்டது. ஊசி போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வீக்கம் வடிந்ததும் அவர் இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் நீட்டினார். "எனக்கும் தாங்க முடியாம அரிக்குது டாக்டர், அவனுக்குப் போட்ட அதே ஊசியைப் போட்டுடுங்க."

கட்டையும் கையுமாக ஒரு தெரு

மழை விட்ட ஒரு காலையில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து போன். நாய்க்கு வெறி பிடித்துவிட்டதாம், வாயில் நுரையாம். போனேன். வீட்டுக்காரர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக அழுகிறார்கள். வெளியே தெருவே கட்டையோடு நிற்கிறது. நடுவில் நாய் தலையை உதறி உதறி நுரை கக்குகிறது. நிஜமாகவே வெறியாக இருந்தால்? தடுப்பூசி கார்டை ஜன்னல் வழியாக வாங்கிப் பார்த்தேன். போன மாதம்தான் போட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் தண்ணீர்த் தொட்டியோரம் பார்த்தேன். சொறிசொறியாய் ஒரு தேரை, தோலில் பல் தடத்தோடு உட்கார்ந்திருந்தது. தேரையைக் கடித்தால் அதன் தோலில் ஊறும் விஷம் நாய் வாயில் நுரை தள்ளவைக்கும்.

கிளவுஸ் போட்டுக்கொண்டு, நாயின் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் வெளியே வழிகிற மாதிரி வாயை அலசினேன். கொஞ்ச நேரத்தில் நுரை நின்றது. நிற்க வேண்டியதுதான் தாமதம், நாய்த் துரை மறுபடியும் தொட்டியோரம் கிளம்பிவிட்டார், தேரையைத் தேடி! இருந்ததிலேயே பெரிய கட்டையை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "அடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போடலாம்னு நான்தாம்மா சொன்னேன்."

ஈசல் விருந்து

வடலூர் போகிற ரோட்டில் கடை வைத்திருப்பவரின் நாட்டு நாய். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. மழைக்குக் கிளம்பிய ஈசலை வயிறு முட்டத் தின்றதாம். ஈசலைத் தின்றால் வாந்தி வரும், இப்படி ஆடாது. நாலு தரம் கேட்டும் "ஈசல்தான், ஈசல்தான்" என்றார். அஞ்சாவது தரம் நான் கத்திவிட்டேன். அப்புறம்தான் உண்மை வந்தது: கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற ஸ்பிரேயை ஈசல் மேல் அடித்து, செத்து விழுந்த குவியலை வாசலிலேயே கூட்டி வைத்தாராம். நாய் பிழைத்தது. அவர் முகத்தில் மட்டும் கோபம் போகவில்லை. "மருந்து நான் பூச்சிக்குத்தானே அடிச்சேன், நாய்க்கா அடிச்சேன்?"

பூரான்

கடலூர் முதுநகர் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து செல்வி என்ற பெண் தன் நாய் டைகரை ஆட்டோவில் கொண்டுவந்தாள். ஈறு வெள்ளைவெளேரென்று இருந்தது. மூக்கில் ரத்தம். அவள் கையிலிருந்த செல்போனில் வீடியோ காலில் அவள் புருஷன். மஸ்கட்டில் மீன்பிடி வேலை. குட்டியிலிருந்து அவன் வளர்த்த நாயாம். தினமும் போன் போட்டால் முதலில் டைகரைக் காட்டச் சொல்வானாம்.

"பூரானைத் தின்னுட்டாங்க" என்றாள். பூரானுக்கு இப்படி ரத்தம் வராது. இரண்டில் ஒன்று: விரியன் கடித்திருக்க வேண்டும், இல்லை எலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. விஷமுறிவை மாற்றி ஏற்றினால் அதுவே ஆளை முடித்துவிடும். "எலி மருந்து வெச்சியாம்மா?" என்றேன். போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்ல எலியே கெடையாதுங்க" என்றாள். வலை குவித்து வைக்கிற வீட்டில் எலி இல்லையாம்!

போனை வாங்கினேன். "தம்பி, உள்ள சிக்னல் கெடைக்காது, அப்புறம் பேசுறேன்" என்று கட் செய்தேன். உடனே அவள் அழுதுகொண்டே மடியிலிருந்து கசங்கிய பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தாள். எலி வலையைக் கடித்துக் குதறுகிறதென்று கருவாட்டுத் தலையில் மருந்தைத் தடவி வலைக்கடியில் வைத்திருக்கிறாள். கருவாட்டு வாசனைக்கு எலிக்கு முன்னால் டைகர் போய்விட்டது. அது தின்று நாலு நாள் ஆகிவிட்டது. "மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாருங்க."

எந்த மருந்து என்று பாக்கெட் சொல்லிவிட்டதால் அதற்கான ஊசியைப் போட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. நாலாம் நாள் டைகர் எழுந்து வாலை ஆட்டியதும் நானும் செல்வியோடு சேர்ந்து அழுதுவிட்டேன். வீடியோ காலில் அவன் கேட்டான்: "பூரான்ல இவ்ளோ வெஷமா டாக்டர்?" செல்வி என்னையே பார்த்தாள். "சில பூரான் அப்படித்தான் தம்பி" என்றேன், பதவிக்குக் கொஞ்சமும் பொருந்தாமல். அவன் முகம் மாறியது. "செல்வி அங்கதானே தரையில படுக்குறா? அவளைக் கடிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்? நான் லீவு போட்டு வந்துடட்டுமா?"

செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பூரானும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா, நான்தான் எலி மருந்து வெச்சேன், டாக்டரம்மா பொய் சொல்றாங்க!"

"உனக்கு ஒண்ணும் ஆகலல்ல, அது போதும்" என்றான் அவன். நாயும் பிழைத்தது, செல்வியும் பிழைத்தாள், மஸ்கட் வரைக்கும் கெட்டுப் போனது என் பேர் ஒன்றுதான்.