வேருக்கு வந்த க்ஷயம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், கல்கத்தா பவானிபூரில் குடியிருந்த தமிழ்ப் பெண்களுக்கு வங்காளியில் சந்தேகம் வந்தால் நாகலக்ஷ்மியிடம்தான் வருவார்கள். பாங்க் உத்தியோகஸ்தர் சீதாராமனின் மனைவி. வந்த புதிதில் காய்கறியைக்கூடக் கைகாட்டித்தான் வாங்கினாள். அப்புறம் சூட்சுமம் பிடிபட்டது. லக்ஷ்மியை இவர்கள் லொக்கி என்கிறார்கள், பரீக்ஷையைப் பொரிக்கா என்கிறார்கள்; ‘க்ஷ’ வாயில் நுழைவதில்லை. அதை நாமே திரும்பப் போட்டுக்கொண்டால் பாதி பாஷை நம்முடையதுதான்.

அவள் பெண் ஜலஜாவுக்கு மேல்பற்கள் துருத்திக்கொண்டு உதட்டை மூட விடாது. சீமையில் படித்துவிட்டு வந்து தர்மதலாவில் தொழில் நடத்திய பல் டாக்டர், கம்பி கட்டி இழுத்தால் உள்ளே போய்விடும் என்றார். மாதாமாதம் போய் முறுக்கிக்கொண்டு வந்தார்கள். பல்லும் சொன்னபடி கேட்டது.

ஒருநாள் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்தார். சீதாராமனுக்கு ஆபீஸ், நாகலக்ஷ்மிதான் கூடப் போயிருந்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “ஷிகொடே கொய் தொரேச்சே, மா” என்றார். புதன்கிழமை வரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஷிகொட் என்றால் வேர், தொரேச்சே என்றால் பிடித்திருக்கிறது. கொய்? ‘க்ஷ’வைப் போட்டுப் பார்த்தாள். க்ஷயம். இருமி இருமி ஆளையே உருக்கிவிடும் வியாதி. ஜலஜா சில நாளாக இருமிக்கொண்டு வேறு இருந்தாள். பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத் திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜலஜாவின் தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாகப் போயின. ஏன் என்று கேட்டவளுக்கு, ஜலதோஷம் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சமாதானம் சொன்னாள். சாயங்காலம் புருஷனிடம் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

“பல்லுக்கு எங்கேடி க்ஷயம் வரும்?”

“வேர்லயே பிடிச்சிருக்காம். வேர்ல வந்தா உடம்புக்கு வர எத்தனை நேரம் ஆகும், ன்னா?”

வங்காளி தெரியாத மனுஷர் அதற்குமேல் என்ன வாதாடுவார்? மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள். சுவாசப்பை வரைக்கும் போய்விட்டதா என்று சீதாராமன் இங்கிலீஷில் கேட்டதும் டாக்டர் விழித்தார். க்ஷயம் என்று யார் சொன்னது?

“நீங்கதானே கொய்னு சொன்னேள்?” என்று நாகலக்ஷ்மி வங்காளியில் கேட்டாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சோப்புக்கும் கொய் உண்டு, மா. செருப்புக்கும் உண்டு. தேய்மானம். அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?”

படத்தைக் காட்டி விளக்கினார். கம்பி இழுக்கும்போது சிலருக்கு வேரின் நுனி கரைந்து குட்டையாகிவிடும். போனது திரும்ப வளராது. ஆனால் இழுப்பதை நிறுத்தினால் கரைவதும் நின்றுவிடும். மிச்சமிருக்கிற வேரே பல்லைத் தாங்கும். அன்றைக்கே கம்பியைக் கழற்றி, சில மாதம் பல்லைச் சும்மா விடச் சொன்னார். இருமல் அதற்குள் தானாகவே நின்றிருந்தது.

“வேர்தான் குட்டையாம், ன்னா” என்று படியிறங்கும்போது அவள் சொன்னாள், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

டிராமில் ஜலஜாவைத் தன்மேல் சாய்த்து இறுக்கிக்கொண்டாள்.

“நசுக்காதேம்மா, எல்லாரும் பாக்கறா.”

“பாக்கட்டும்” என்றாள் நாகலக்ஷ்மி, கையைத் தளர்த்தாமல்.