ஒரே கட்டையைத் தட்டும் பாட்டு

நேற்று மாலை தானா ராத்தா மலையூரில் காதர் பாய் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை. பாய் கைப்பேசியில் எதையோ தேட, அதிலிருந்து பியானோ கிளம்பியது. ஒரே சுரம், விடாமல், படபடவென்று. நான் எழுந்து வாசலுக்குப் போய் மலைச்சரிவைப் பார்த்தேன்.

"என்னா கிராணி, டீ ஆறுது லா," என்றார் பாய். ஓய்வு பெற்று எவ்வளவு காலமானாலும் அவருக்கு நான் ஆபீசில் கணக்கெழுதும் எஸ்டேட் கிராணிதான்.

அந்தப் பாட்டை எனக்குத் தெரியும். வாலிபத்தில் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், துரையின் மனைவி மழை மதியங்களில் அதை வாசிப்பார். பங்களா மேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில். துரையிடம் கையெழுத்து வாங்கப் போனபோது, அது என்ன பாட்டு என்று துரைசானியிடம் ஒருமுறை கேட்டேன். ஸ்பெயின் கிராமத்துக் கித்தார்க்காரர்கள் ஒரே கம்பியை விரல் மாற்றி மாற்றிச் சுண்டுவார்களாம். அதைப் பியானோவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரே கட்டையை அப்படித் தட்ட வைத்தார்களாம். இடக்கையில் இடிப்பது ஆடுபவர்களின் குதிகால். அருமையான விளக்கம். ஆனால் ஈரத்தில் சுருதி கெட்ட அந்தப் பியானோ, பனிமூட்டத்தைத் தாண்டி லயத்துக்கு வரும்போது, ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டுவது போலவே கேட்டது.

அந்த இரும்புக்கு விதிமுறை உண்டு. நிறுத்தி நிறுத்தித் தட்டினால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. விடாமல் தட்டினால் மண்சரிவு, ஓட வேண்டும். நோட்டீஸ் எழுதி ஒட்டியவன் நானே. துரைசானி முதலில் வாசித்த அன்று மொத்த லயமும் பிள்ளைகுட்டிகளோடு ஆபீஸ் முன்னாலிருந்த மேட்டுத் திடலுக்கு ஓடிவந்து நனைந்தது. அடுத்த தடவை பாதிப் பேர் வந்தார்கள். அப்புறம் யாரும் அசையவில்லை. என் நோட்டீஸ் மட்டும் சுவரில் இருந்தது.

பிறகு ஒரு மதியம், லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவு செம்மண் தண்ணீரைக் கக்கியது. நான் இரும்பை விடாமல் அடித்தேன். ஈரத்தில் சுத்தியல் நழுவி விழுந்தது, எடுத்து மறுபடி அடித்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசி வீட்டுப் பார்வதியின் குரல் மட்டும் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது:

"தொரசானி இன்னிக்கி ஒரு புடி புடிக்குதுடி!"

கத்தினேன். தகரக் கூரை மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்ட நேரமில்லை.

அப்போதுதான் நோட்டீஸில் இல்லாததைச் செய்தேன். நிறுத்தி, நிறுத்தி, பெரட்டுக்கு அடித்தேன்.

கொட்டும் மழையில் பெரட்டா! கதவுகள் படார் படாரென்று திறந்தன.

"வேல முடிஞ்சி வந்தவங்கள எவன்டா கூப்புடுறது?"

"கிராணிக்கு மண்ட கொழம்பிருச்சி லா!"

என்னைத் திட்டுவதற்காகவே மொத்த லயமும் திடலுக்கு ஏறி வந்தது. கடைசியாகப் பார்வதி, இடுப்பில் பிள்ளையோடு, என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அவள் வாய் அசைந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அவளுக்குப் பின்னால் மலை இறங்கிய சத்தம்தான். அது அடங்கியபோது அவள் வீட்டைக் காணவில்லை.

பெரட்டு என்று கூப்பிட்டால் கணக்கெடுக்க வேண்டுமே, எடுத்தேன். ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை.

துரையும் துரைசானியும் கப்பலேறிவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளி விளைகிறது. இரும்பு, பழைய சாமான்காரரோடு லோரியில் போய்விட்டது. பெரட்டுகூடக் கைப்பேசியில்தானாம்.

"பாய், அத நிறுத்துங்க," என்றேன். நிறுத்தினார். மழை மட்டும் கேட்டது. கடை வாசலை மேலும் கீழும் பார்த்தேன். தட்டுவதற்கு ஒன்றும் தொங்கவில்லை.