ஓரத்தில் எழுதிய பதினேழு

தொண்ணூறுகளில் நான் மில்லில் துணி செக்கிங்கில் இருந்தேன். விளக்கு வைத்த கண்ணாடி மேசை மேல் துணி ஓடும். அறுந்த இழையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் என் நம்பர் பதினேழை எழுத வேண்டும். பார்த்தது யார் என்று தெரிய வேண்டுமே. அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது.

மில் வேலை போக, வானம் பார்க்கும் ஒரு வானியல் குழுவிலும் இருந்தேன். அதில் காந்திபுரத்து ரேடியோ கடைக்காரர்தான் பெரிய ஆள். கிணத்துக்கடவுத் தோப்பில் தொலைநோக்கியோடு கேமராவை மாட்டி வானத்தைப் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெகட்டிவ்கள் துடியலூரில் என் வீட்டுக்கு வந்துவிடும். ட்யூப்லைட் மேல் கண்ணாடி வைத்து, லென்ஸில் நான் தேடுவேன். வரைபடத்திலும் பட்டியலிலும் இல்லாத மங்கலான திட்டு அகப்பட்டால் அது புதிய நெபுலாவாக, விண்வெளியில் மிதக்கும் வாயு மேகமாக, இருக்கலாம். வெறும் தூசியாகவும் இருக்கலாம். வேறொரு நாள் எடுத்த நெகட்டிவிலும் அதே இடத்தில் இருந்தால்தான் நம்புவோம்.

மூன்று வருடம் தூசியாகப் பார்த்துத் தள்ளிய பிறகு, ஒரு ஞாயிறு அது அகப்பட்டது. நெகட்டிவ் ஓரத்தில் அம்பு போட்டேன், பதினேழு எழுதினேன். இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லி நெகட்டிவை வாங்கிப் போன கடைக்காரர், இரண்டு வாரம் கழித்து வந்து ஒன்றுமில்லை என்றார்.

“பிலிம் கோளாறுங்க அம்மணி. உட்டுப்போடுங்க.”

நம்பினேன். என் கண்ணில்தான் கோளாறோ என்று டாக்டரிடம்கூடப் போய் வந்தேன்.

அடுத்த வருடக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். புதிய நெபுலா கண்டுபிடித்தாராம், வெளிநாட்டு ஆய்வகமே ஒத்துக்கொண்டுவிட்டதாம். திரையில் படம் விழுந்தது. ஓரத்தில் என் அம்பு. பக்கத்தில் பதினேழு இருந்த இடத்தில் பிளேடால் சுரண்டிய கீறல். துணியில் பழுதைக் கண்டுபிடித்தே பிழைக்கிறவளிடம் போய் அதை மறைக்கப் பார்த்திருக்கிறார்.

கூட்டம் கலைந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். முகம் மாறவே இல்லை.

“நீங்க பாத்தது வெறும் புள்ளிங்க. அது நெபுலான்னு எழுதி அனுப்புனது நானுங்க.”

“அப்ப என்ற நம்பர எதுக்குங்க சுரண்டுனீங்க?”

அவர் மாலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மில்லில் அம்பு போட்டேன், நம்பர் எழுத மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து, இதைப் பார்த்தது யார் என்று பொதுவாகக் கேட்டார்.

“நானுங்க” என்றேன், வேண்டியதைவிடச் சத்தமாக.