அடி விழும்போது என்ன தோன்றுகிறது

எங்கள் தீவில், டாலிகஞ்ச் சிலம்பப் பயிற்சிக்கு மாஸ்டர் வந்திருந்தார், பிள்ளைகள் வந்திருந்தார்கள், ஆராய்ச்சி என்றால் என்னவென்று பார்க்க என் அம்மாவும் வந்திருந்தாள். வராதவர் கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியர். இத்தனைக்கும் யோசனை அவருடையது.

அடி விழும்போது மனதில் என்ன தோன்றுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். எல்லாரும் "ஒண்ணுமில்ல சார்" என்றார்கள். இதெல்லாம் ஒரு தரவா, நீயே அடி வாங்கி எழுது, இல்லாவிட்டால் அத்தியாயம் தேறாது என்று பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார்.

எதிரே எட்டாம் வகுப்புப் பெண் கம்போடு நின்றாள்.

"அரே சார், சஷ்மாவ கழட்டுங்க" என்றார் மாஸ்டர். கண்ணாடியைக் கழற்றினேன். பிறகு கம்பு வந்ததே தெரியவில்லை. என் முன்பல் தரையில் கிடப்பதை அம்மாதான் காட்டினாள்.

"அடப்பாவி, இதுக்காடா படிக்க வச்சோம்? உங்கப்பா கப்பல் ஜெட்டியில மூட்டை தூக்குறாரு, அவருக்கே பல்லு முழுசா இருக்கு!"

"இப்ப என்ன தோணுச்சு சார்?" என்று அந்தப் பெண் அக்கறையாகக் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்லம்மா."

அதையே எழுதி அனுப்பினேன். பிள்ளைகள் சொன்னபோது செல்லாத சொல், பல் போனவன் சொன்னதும் தரவாகிவிட்டது, அத்தியாயம் தேறியது. பல் கட்ட வீட்டில் செலவழித்தது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.