இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் பிரேக் அண்ணன். ஓட்டப் பழகுகிறவர்களின் வண்டியில், பக்கத்தில் உட்காரும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் அதை ஆபத்துக்குத்தான் தொடுவார்கள். இவருடைய வலது கால், காலையில் அதன் மேல் ஏறிக் குந்தினால் சாயங்காலம்தான் இறங்கும். "உன் வண்டிக்கு பிரேக் பேட் வாங்கியே நான் ஓட்டாண்டி ஆகப்போறேன்யா" என்று முதலாளி அடிக்கடி சலித்துக்கொள்வார்.

காலைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதற்கு முன்னால் நினைப்பு போய்விடுகிறது. ஓரமாக நிற்கும் காரின் கதவு சாத்தித்தான் இருக்கும். அவர் கண்ணுக்கு அது படாரென்று திறந்து ஒருத்தர் இறங்குவார். வேலியோரம் ஒரு பந்து கிடந்தால் அதன் பின்னாலேயே ஒரு குழந்தை ஓடிவரும். காய்ந்த ரோடு வழுக்கும். இப்படி நாள் முழுக்க, நடக்காத விபத்துகளை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, வண்டியில் போனவர் மாதிரி இருக்கமாட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மாதிரி இருப்பார். வீட்டிலும் அந்த நினைப்புக்கு ஓய்வில்லை. மேசை விளிம்பில் இருக்கும் டம்ளரை உள்ளே நகர்த்துவார். மகள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் வாய்க்குப் போன கை பாதியில் நிற்கும். அவள் கடைசிப் படியில் நின்று, "அப்பா, இன்னும் விழலை. சாப்பிடுங்க" என்பாள்.

அவரிடம் பழகி லைசென்ஸ் வாங்கிய ஒரு தையல்காரம்மா, ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீங்க சொல்லிக் கொடுத்த கவனம் சார், இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது என்றாள். வண்டி எங்கே என்று கேட்டார். வீட்டில்தான் நிற்கிறது, பஸ்ஸே தேவலை என்றாள். அன்றைக்கு அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்கவேண்டும், எல்லாம் நின்றபடியே. கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு நீலம் பாரித்து, ராத்திரி ஆனால் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறு வேலை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும். உட்கார நேரமுண்டு, பேச ஆளுண்டு. ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும். மாசக் கடைசிவரை பார்க்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று மேலாளர் அம்மாள் சொல்லிவிட்டார்.

வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது என்ன கவலை என்று எல்லாரும் சொன்னார்கள். வாத்தியாரிடம் பழகிய அவள் முதல் தேர்விலும் தோற்றாள், இரண்டாவதிலும் தோற்றாள்.

இரண்டாவது தடவை தோற்று வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்பக்க முக்காலியில் உட்கார்ந்தாள். அவளே சொன்னாள்.

"ஓட்டுறது நல்லாத்தான் இருக்காம். 'யாருமே இல்லாத இடத்துல யாருக்காகம்மா நிக்கிறீங்க?'ன்னு கேக்கறாரு அந்த ஆளு."

அவருக்கு வந்த கோபத்தில் அந்தத் தேர்வதிகாரியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். நாளைக்கு யாராவது குறுக்கே வந்தால் அவனா வந்து பதில் சொல்வான்? ஜாக்கிரதையாக இருப்பதும் ஒரு குற்றமா? அவள் தன் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, அவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை கேட்டாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கிடங்குகள் இருக்கும் பகுதிக்குப் பழகப் போனார்கள். ஆள் நடமாட்டம் கிடையாது. முதல் சந்திப்பில் வண்டி நின்றது. இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை.

"எதுக்கு நிறுத்தின?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க."

"நான் வாயே திறக்கலை. பிரேக்கையும் அமுக்கலை."

"அமுக்கலை. ஆனா முழங்கால் அசைஞ்சுது. மூச்சை வேற உள்ள இழுத்தீங்க." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க நினைப்பு என் காலுக்கு வந்துடுதுங்க. நான் என்ன செய்ய? தேர்வுல அந்த ஆளு பக்கத்துல உக்காந்தாலும், எனக்கு நீங்கதான் உக்காந்திருக்கீங்க."

அவருக்குச் சட்டென்று அந்தத் தையல்காரம்மாவின் கும்பிட்ட கை கண்முன் வந்தது. லைசென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். இன்னும் எத்தனை பேரோ. தன் தலைக்குள் ஓடும் படம் தன்னோடு போயிற்று என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். அதை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, இனிமேல் நல்லபடியாக நினைப்போம் என்று முடிவெடுத்தார். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த சந்திப்பு வந்தது. 'ஒண்ணும் ஆகாது' என்பதற்குள்ளேயே ஆகக்கூடியது என்னென்ன என்று வரிசையாக வந்து நின்றது. கால் அமுக்கியே விட்டது. வண்டி குலுங்கி நின்றது.

அவள் சிரித்துவிட்டாள். "விடுங்க. இந்த வயசுல மண்டைய மாத்தவா முடியும்?"

மண்டையை மாற்றமுடியாது. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார். முழங்கால் கதவில் இடித்தது. கைபிரேக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கம் போகாமல் இருக்க, கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"இப்ப போ."

"விருந்துக்கு உக்காந்த மாதிரி இருக்கீங்க."

"போன்னா போ."

அவள் போனாள். திருப்பங்களில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரவுண்டானாவில் ஒரு சைக்கிள்காரன் கை காட்டாமல் உள்ளே திரும்பினான். அவருடைய கால் இருக்கையோடு மாரடித்தது. அதற்குள் வண்டி வேகம் குறைந்து, சைக்கிளுக்கு வழிவிட்டு, மறுபடி நகர்ந்துவிட்டது. யார் நினைத்து யார் கால் அமுக்கியது என்று யோசித்துப் பார்த்தார். இவர் நினைப்பு போய்ச் சேர வழியே இல்லை. அவளே பார்த்து, அவளே நினைத்து, அவளே அமுக்கியிருக்கிறாள்.

தேர்வு நாளன்று அவரும் கூடப் போனார். புறப்படும் முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஜன்னல் வழியா பாக்காதீங்க." காத்திருக்கும் அறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனாலும் தெருவில் டயர் சத்தம் கேட்கும்போதெல்லாம் வலது கால் தரையை அமுக்கியது. பக்கத்தில் இருந்தவர், தன் பையைத்தான் மிதிக்க வருகிறார் என்று நினைத்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யார் என்ன நினைத்தாலும் சரியென்று பெஞ்சின் மேலேயே காலை மடக்கி உட்கார்ந்தார்.

அவள் திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினாள்.

"பாஸ். ஒரே ஒரு குறை எழுதியிருக்காரு."

"என்ன குறை?"

"கொஞ்சம் வேகமாம்."

எந்த இடத்தில், எந்தத் திருப்பத்தில், எதிரே என்ன வந்தது என்று கேட்க வாயெடுத்தவர், அவள் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டார். அவள் அங்கேயே நின்று மேலாளர் அம்மாளுக்கு போன் போட்டாள். எடுத்ததும், திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, கெண்டைக்காலைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டாள்.

வண்டியிடம் வந்ததும் பழக்கதோஷத்தில் முன்கதவைத் திறந்தார். காலடியில் அந்த இரண்டாவது பிரேக், அவருடைய ஷூ தேய்த்துத் தேய்த்து வெள்ளையாகிப் போன ரப்பரோடு இருந்தது. கதவைச் சாத்தினார். பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

"என்னங்க, என்னை டிரைவர் ஆக்கிட்டீங்க."

"அசதியா இருக்கு. கொஞ்சம் சாஞ்சுக்கறேன்."

வண்டி தெருவில் இறங்கியது. பின்இருக்கையிலிருந்து பார்த்தால் ரோடு முழுசாகத் தெரியவில்லை. அவள் தோளும், பின்னல் நுனியும், கண்ணாடியில் ஒரு துண்டு வானமும்தான். அவர் தலையைச் சாய்த்தார். பாதித் தூக்கத்தில் எங்கோ ஒரு கதவு திறந்தது. கால் ஒரு உதை உதைத்தது. வண்டி நிற்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தார். திறக்கவில்லை.