பதினோரு மணிக்கு ஊதிய பன்னிரண்டு மணிச் சங்கு

தோட்டத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கிளாக்கராகச் சேர்ந்த ஐந்தாம் மாதம், பகல் பன்னிரண்டு மணிச் சங்கைப் பதினோரு மணிக்கு ஊதினேன். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவும் இல்லை.

காரணம் ஒரு பழைய காவியம். மேசை லாச்சிக்குள் அதைத் திறந்து வைத்து, பேர் பதியும் செக்ரோலால் பாதி மறைத்துப் படிப்பது என் வழக்கம். அன்று கதையில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு என்றே பட்டது. சங்கு ஊதக் காணோமே என்று ஃபெக்டரி வாசலுக்கு ஓடினால், ஊத வேண்டிய வாட்சர் ஜோசப் அண்ணன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பாவம், மனுஷன் மாட்டிக்கொள்வாரே என்று நானே சுவிட்சை அழுத்திவிட்டு வந்தேன். உதவி செய்த பெருமை வேறு.

மலை முழுக்க இறங்கி வந்துவிட்டது. பெண்கள் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு வந்து நின்றார்கள். கங்காணி தன் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மேல ஏறுங்க."

"ஒங்க போன் கெட்டுப் போயிருக்கும் கங்காணி. சங்கு ஊதினா ஊதினதுதான்," என்று ராணி அக்கா கூடையை இறக்கி வைத்தார். அதன்பிறகு ஒருத்தரும் ஏறவில்லை.

தோட்டத்து மேனேஜரான துரை வந்து நேரே ஜோசப் அண்ணனிடம் போனார். "தூக்கத்துல ஊதினியா? நாலு மணிக்கு ஆபீசுக்கு வா. இன்னையோட ஒன் வேலைய முடிச்சிருவோம்."

"தூங்கிக்கிட்டுத்தாங்க இருந்தாரு," என்றார் ஃபெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர். ஜோசப் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுபடி லாச்சியைத் திறந்தேன். தப்புச் செய்துவிட்டு அடுத்தவன் தலையில் கட்டித் தப்பித்த நல்லவன் ஒருத்தனாவது அகப்பட மாட்டானா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். தலையில் கட்டியவர்கள் ஏராளம். அத்தனை பேரும் வில்லன்கள். ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. மகாராஜா, மாவீரன், தவம் செய்த முனிவர், ஒருத்தர் பாக்கியில்லாமல் தப்புச் செய்திருந்தார்கள். லேசான தப்பா? நாடே போகிற தப்பு. அதற்குப் பிறகும் ஐந்நூறு பக்கத்துக்குத் தலைநிமிர்ந்து நடமாடினார்கள். நான் தொலைத்தது ஒரே ஒரு மணி நேரம். அதை நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

நாலு மணிக்குத் துரை முன்னால் போய் நின்றேன்.

"சங்கு ஊதினது நான்தாங்க துரை."

"நீயா? ஒனக்கு அங்க என்ன வேலை?"

"புத்தகம் படிச்சுக்கிட்டு இருந்தேங்க. நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன்."

"ஆபீஸ் நேரத்துல புத்தகமா?"

அதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று அப்போதுதான் உறைத்தது. புத்தகம் துரையின் லாச்சிக்குப் போனது. என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போனது. தூங்கியதற்கு ஓர் ஏச்சோடு ஜோசப் அண்ணனின் வேலை தப்பியது. ஒப்புக்கொள்ளப் போகிறவர்கள் கேட்ட தப்பை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

வெளியே வந்து, "மன்னிச்சுக்குங்கண்ணே, அப்பவே சொல்லிருக்கணும்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்கதானா ஐயா? எல்லாரும் சொல்லச் சொல்ல, நானே தூக்கத்துல ஊதிட்டேன்னு நம்பிட்டேன். மத்தியானம் சாப்பிடப் போனப்ப வீட்டுல மககிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

சுவிட்சை அழுத்த ஒரு விநாடிதான் ஆனது. வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஐந்து மணி நேரம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள்.